மிளகாய் இடித்த கை

எங்கள் பக்கம் கடல் கிடையாது. இறால் அரக்கோணம் தாண்டி ஐஸ் பெட்டியில்தான் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் மார்க்கெட்டில் ஊரே கறிக்கடையில் நிற்க, நான் மட்டும் இறால் கேட்டுப் போவதை மீன்காரர் எப்போதும் கேலி செய்வார். அன்றும் ஆரம்பித்தார். நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டு எடை போட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்பது அவருக்கும் தெரியும்.

அன்று கோபத்துக்குக் காரணமும் இருந்தது. முந்தின நாள் சாயந்திரம் என் தங்கை ஒரு பையோடு மாதனூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது. ஒரு காது சிவந்து வீங்கியிருந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் அவள் புருஷன் அறைந்தது. அவள் இப்படி வருவது புதிதல்ல. அடுத்த நாள் அவன் வருவான், தலையைக் குனிந்துகொண்டு இவள் அவன் பைக்கில் ஏறிப் போவாள். இந்தத் தடவை போனால் நீ என் தங்கையே இல்லை என்று சொல்லிவிட்டேன். கட்டியவனை ஒரே வருஷத்தில் வீட்டை விட்டு விரட்டியவள் நான். என்னோடு பிறந்தவளுக்கு அந்த ரோஷம் ஏன் இல்லை என்று எனக்கு வயிறு எரியும்.

சாப்பிட வைத்தால் தெம்பு வரும் என்று இறால் சாலட் செய்ய உட்கார்ந்தேன். எங்கள் ஷூ கம்பெனியில் புது மெஷின் பழக்கிக் கொடுக்க வியட்நாமிலிருந்து வந்திருந்த பெண்களிடம் கற்றுக்கொண்டது அது. பச்சை மிளகாயையும் பூண்டையும் கல் உரலில் இடித்து, வெல்லமும் எலுமிச்சைச் சாறும் விட்டு, கிளிமூக்கு மாங்காயைக் கீறிப் போட்டு, அன்னாசியைத் துண்டு போட்டு, வேகவைத்த இறாலைக் கலக்க வேண்டும். அவர்கள் ஊற்றும் மீன் சாறு இங்கே கிடைக்காது. காய்ந்த கூனி இறாலை வறுத்துப் பொடித்துத் தூவிவிடுவேன். எனக்கு அது பிடித்தது ருசிக்காக மட்டும் இல்லை. அடித்துச் செய்கிற சமையல் அது. வாரம் முழுக்க சூப்பர்வைசரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை இடிக்க ஏதாவது வேண்டும்.

தங்கை தரையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. அவன்தான். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் எழுந்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். கண்ணாடி நொறுங்கி இறால் ஓட்டோடு கிடந்தது. அவள் குனிந்து பொறுக்கப் போனாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பாசத்தில் வைத்த அடிதான். அவள் மறுபடி உட்கார்ந்து உரித்தாள்.

நான் உரலுக்குத் திரும்பினேன். ஒவ்வொரு மிளகாயும் அவன் முகம் என்று நினைத்து இடித்தேன். விதை தெறித்து என் கழுத்தில் ஒட்டியது. விரலில் தையல் ஊசி கிழித்த வெட்டுகளுக்குள் காரம் இறங்கித் திகுதிகுவென்று எரிந்தது. அந்த எரிச்சல் எனக்கு வேண்டியிருந்தது. மாங்காயை அந்த மிளகாய் விழுதோடு கையாலேயே பிசைந்தேன்.

அப்போதுதான் வாசலில் பைக் சத்தம் கேட்டது. எப்போதும் என்னை அண்ணி என்று கூப்பிடுகிறவன், அன்று என்னைப் பார்க்கவேயில்லை. ஏன் போனை எடுக்கவில்லை என்று அவளிடம் கேட்டான். அவள் பதில் சொல்லுமுன் கொண்டையைப் பிடித்துத் தூக்கினான். தட்டு கவிழ்ந்து இறாலெல்லாம் தரையில் சிதறியது. வீங்கியிருந்த அதே காதில் மறுபடி அறைந்தான்.

நான் எழுந்தது எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டு உள்ளங்கையையும் அவன் முகத்தில் அப்பி, கண்ணுக்குள் போகும்படி தேய்த்தேன். கத்திக்கொண்டு அவன் மண்டி போட்டான். வயிற்றில் உதைத்தேன். சுருண்டு விழுந்தவனை மறுபடி உதைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து, உடனே சாத்திக்கொண்டது.

தங்கை குடத்தை இழுத்து வந்து சொம்பில் மொண்டு அவன் கண்ணில் தண்ணீர் ஊற்றினாள். எனக்கு மண்டை வெடித்தது. விடு, குருடாகிச் சாகட்டும் என்று கத்தினேன். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சொம்பைத் தட்டிவிட்டுக் கையை ஓங்கினேன். அவள் நகரவில்லை. பழகிப்போனவளைப் போல முழங்கையைத் தூக்கி வீங்கின காதை மட்டும் மறைத்துக்கொண்டாள். என் கை மேலேயே நின்றது.

“நீயும் ஓங்குற, அவரும் ஓங்குறாரு. கண்ண மூடிக்கினா எது யார் கைன்னே தெரியலக்கா.”

அடிக்குரலில்தான் சொன்னாள். சொம்பை எடுத்து மிச்சத் தண்ணீரையும் அவன் கண்ணில் ஊற்றி முடித்தாள். ஈரத் துண்டை அவன் கையில் கொடுத்தாள். கூடப் போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“கண்ணு தெரிஞ்சதும் நீங்க கெளம்புங்க. நான் வர்ல.”

அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சோறு போடத் தட்டைக்கூட எடுத்தேன். அவளோ உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். எங்கே என்று கேட்டேன். அவள் வேலை செய்யும் கம்பெனியின் லேடீஸ் ஹாஸ்டலுக்கு என்றாள். இங்கே இருக்க உனக்கு இன்னா கம்மி என்று கேட்டேன். கூட வராதே என்று மட்டும் கையைக் காட்டிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

வீட்டில் அவனும் நானும் மிஞ்சினோம். அவன் துண்டைக் கண்ணில் அழுத்தியபடி, ஏன் போகிறாள் என்று என்னைக் கேட்டான். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

என் தங்கை புருஷனிடம் திரும்பிப் போகவில்லை என்று கம்பெனி பஸ்ஸில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். என்னிடமும் வரவில்லை என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.