குதிகாலுக்கு விழாத சீட்டு

என் அக்கா புருஷனை டிப்போவில் ‘பஞ்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை. குதிகாலை ஊன்றிக்கொண்டு முன்பாதத்தை மட்டும் அசைத்தே பஸ்ஸை நிறுத்திவிடுவார். அந்த வலது குதிகாலில்தான் கறுப்பாக ஒன்று வந்தது. கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவிக்கொண்டே வண்டி ஓட்டினார் மனுஷன். அக்கா கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோனாள். முட்டிக்குக் கீழே இன்னொன்று கிளம்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தோல் புற்றுநோய் என்றார்கள்.

பாதத்தையே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அத்தானுக்கு உயிரைவிட ஸ்டீயரிங்தான் பெரிது. அதனால் அங்கே புதிதாகச் சோதித்துப் பார்க்கிற ஒரு வைத்தியத்துக்குத் தலையாட்டினார். மருந்தோடு, கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடிக் காற்றுக் குமிழிகளையும் நரம்பில் ஏற்றுவார்கள். கட்டியின் மேல் ஸ்கேன் கருவியை வைத்து ஒலி அலையைச் செலுத்தினால், அங்கே ஓடுகிற குமிழிகள் அதிர்ந்து உடையும். ரத்தக்குழாய் சற்று இளகி, மருந்து கட்டிக்குள் கூடுதலாக இறங்கும். ஆனால் ஒலி ஒரு கட்டிக்கு மட்டும்தான். மற்றது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. எதற்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டுச் சொல்லும்.

சீட்டு முட்டிப் பக்கம் விழுந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் அவரைத் தாங்கிப் பிடித்து மாடி ஏற்றி, வரிசையில் உட்கார வைத்து, எனக்கே முதுகு விட்டுப்போனது. ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிற அந்தம்மாவும் பாவம், மணிக்கட்டை நீவிக்கொண்டே கருவியைப் பிடிப்பார். அவரிடம் அத்தான் எப்போதும் ஒரே பாட்டுதான்.

“ஏம்மா, கொஞ்சம் கீழ தள்ளி வைங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?”

“தள்ளி வச்சா, இது வேலை செய்யுதா இல்லையான்னு யாருக்குமே தெரியாமப் போயிடும் ஐயா. என்னால முடியாதுங்க.”

“மனசே இல்ல மாப்ளே இந்தம்மாவுக்கு,” என்றார் வெளியே வந்ததும்.

“அவங்களுக்கு மனசு இருக்கு, அத்தான். உங்களுக்குத்தான் புத்தி இல்ல. ஆணின்னு சீவினது யாரு?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சில மாதங்களில் முட்டிக்குக் கீழே இருந்தது சுருங்கித் தழும்பாகிவிட்டது. டாக்டர் மற்றவர்களையும் கூப்பிட்டு வந்து காட்டினார், படம் எடுத்தார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு குதிகாலைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

“இது மருந்துக்குக் கேட்கலை. எலும்பைத் தொட்டுடுச்சு. இனி காத்திருக்க முடியாதுங்க, பாதத்தை எடுத்துடணும்.”

“இப்பவாவது அதுமேல வச்சுப் பாருங்களேன்,” என்று அக்கா கெஞ்சினாள். நாள் தாண்டிவிட்டது என்று டாக்டர் தலையசைத்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அத்தான் ஸ்கேன் அம்மாவைத்தான் பார்த்தார். “இது வேலை செய்யுதுன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு இல்லம்மா? இனி வர்றவங்களுக்குச் சீட்டெல்லாம் வேணாம். நேரா குதிகால்லயே வச்சிடுங்க.”

“ஒருத்தர வச்சு முடிவு பண்ண மாட்டாங்க ஐயா,” என்றார் அந்தம்மா, கண்ணைத் துடைத்தபடி. “இன்னும் நிறைய பேருக்குச் சீட்டுப் போடணும்.”

அத்தான் அலுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

“சரி, அவங்களுக்காவது வேண்டிய எடத்துல விழட்டும்.”