கிஜு தூக்கிப்போடச் சொன்ன கேள்வி

சுன்சோன் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும் மெங் கிஜுவுக்கு இப்போது ஐம்பது வயது. ஒரு காலத்தில் ஒரு வகுப்பே இவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் 1996-இல், அந்த ஊர்க் கல்லூரியின் கட்டுமானப் பொறியியல் வகுப்பில், கிஜு சொன்னால் சொன்னதுதான். தேர்வுக்கு முன் பத்துக் கேள்வி குறித்துக் கொடுப்பான். தேர்வில் வரும் ஐந்தில் நாலு கேள்வியாவது அந்தப் பத்துக்குள் இருக்கும்!

மந்திரம் ஒன்றுமில்லை, ஒரு கட்டுக் காகிதம்தான். ‘வம்சாவளி’ என்பார்கள். பேராசிரியர் நாம்குங் கேள்வித்தாளை வெளியே விடமாட்டார். அதனால் உள்ளே போகும்போதே பிரித்துக்கொள்வார்கள்: ஒன்றாம் கேள்வி உனக்கு, இரண்டாம் கேள்வி எனக்கு. அவரவர் கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, நேராக நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து எழுதிவிடுவார்கள். இப்படிப் பதினோரு வருடக் கேள்விகள், அண்ணன்மார் தம்பிமாருக்கு விட்டுப்போன சொத்து. கிஜு அதைக் கரைத்துக் குடித்திருந்தான். ஒருமுறை கேட்டதை நாம்குங் ஐந்து வருடத்துக்குத் தொடமாட்டார் என்பது அவன் கண்டுபிடிப்பு.

அந்த டிசம்பரில் கிஜுவையே நம்பியிருந்தவர் தாக் சாங்டோ. ராணுவம் போய்வந்த மூத்த மாணவர். நாம்குங்கின் மண் பொறியியலில் மட்டும் இரண்டு முறை தோற்றவர். ஒரு அணைக் கம்பெனி வேலை கொடுத்திருந்தது, பிப்ரவரியில் பட்டத்தோடு வந்தால். இந்த முறையும் போனால் வேலையும் போச்சு.

தேர்வு மதியம் இரண்டு மணிக்கு. காலை ஒன்பது மணிக்கு இருவரும் வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் நின்றார்கள். வெளியே ஏரிப் பனிமூட்டம், உள்ளே மெஷின் சூடு.

“இந்த நாம்குங் வாத்தியார் புண்ணியத்துலதான் என் அடுப்பு எரியுது. அவருக்கு ஒரு பெட்டி ஆப்பிள் அனுப்பணும்டா” என்றார் கடைக்காரம்மா போங்சுக். மாணவர்கள் எல்லோருக்கும் அவர் சித்தி.

சாங்டோ கிஜு கொடுத்த பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன்டா, மண்சரிவுக் கணக்கு இதுல இல்லையே?”

“அது தொண்ணூத்திரண்டுல வந்துருச்சுண்ணே. இந்த வருஷம் வராது. தூக்கிப் போடுங்க.”

“தொண்ணூத்திரண்டா? எங்க, காட்டு.”

கிஜு அந்தத் தாளை எடுத்தான். நாலாம் கேள்வி. படித்த சாங்டோவின் காது சிவந்துவிட்டது.

“இது வரலடா.”

“என்னண்ணே, இதோ எழுதியிருக்கே!”

“எழுதுனதே நான்தான்டா! அந்த வருஷம் நாலாம் கேள்வி எனக்கு விட்டாங்க. ஒண்ணும் தெரியாம வெறும் பேப்பரைக் குடுத்துட்டு ஓடி வந்தேனா, கேள்வியே மறந்துபோச்சு. சொன்னா அண்ணனுங்க தோலை உரிச்சிருப்பாங்க. வாயில வந்ததை எழுதி விட்டேன்.”

சித்தி மெஷினை நிறுத்திவிட்டார். “அடப் பாவி! நாலு வருஷமா உன் பொய்யையா காப்பி எடுத்துக்கிட்டிருக்கேன்?”

கிஜுவின் விரல் தாள்களில் ஓடியது. அந்த நாலாம் கேள்வியை எடுத்துவிட்டால், மண்சரிவு கடைசியாக வந்தது 1989-இல். ஏழு வருடம்! இந்த வருடம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

“அண்ணே...” கிஜு குரலைத் தாழ்த்தினான். “நாம்குங் ஒருத்தரோட ஒருத்தரை ஒப்பிட்டுத்தான் மார்க் போடுவாரு. கடைசி அஞ்சு பேருக்கு எப்பவும் ஃபெயில். முப்பத்தெட்டுப் பேர்ல இது தெரிஞ்சது நாம ரெண்டு பேருதான். நீங்க பேசாம உக்காந்து படிச்சா...”

சாங்டோ தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“வா. லைப்ரரிக்குப் போய் எல்லாருக்கும் சொல்லிடுவோம்.”

“நான் தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லிடுறேண்ணே. உங்க பேரு எதுக்கு?”

“உன் பேரைக் கெடுத்து நான் பாஸாகணுமா? நட.”

வாசிப்பு அறையில் மொத்த வகுப்பும் குனிந்து படித்துக்கொண்டிருந்தது. ஒருவர் பேசினாலே முறைக்கும் அந்த அறையில், வகுப்பிலேயே மூத்தவர் நடுவில் நின்று, “தம்பிங்களா, மன்னிச்சிருங்க” என்று குனிந்து வணங்கினார். நடந்ததைச் சொன்னார். யாரோ “நல்ல அண்ணன்டா நமக்கு வாய்ச்சது!” என்றார்கள். சிரிப்பு வெடித்தது. நூலகர் மூன்று பேரை வெளியே தள்ளினார்: சாங்டோ, கிஜு, கேலி செய்தவன்.

வெளியே படிக்கட்டில், குளிரில், கிஜு அவருக்கு மண்சரிவு சொல்லிக் கொடுத்தான். நாலு மணி நேரம். பாதிதான் ஏறியது.

தேர்வில் மண்சரிவு இரண்டாம் கேள்வியாக வந்தது. முப்பத்தெட்டுப் பேரும் எழுதினார்கள். சாங்டோ பாதி எழுதினார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அறிவிப்புப் பலகையில் மார்க் வரிசைப்படி தாள் ஒட்டினார்கள். கிஜு தன் பெயரைத் தேடவே இல்லை. கீழேயிருந்து எண்ணிக்கொண்டு வந்தான். ஐந்து ஃபெயில். ஆறாவது, தாக் சாங்டோ: டி. அதற்குக் கீழே பாஸே கிடையாது.

இருவரும் ஜெராக்ஸ் கடைவரை கத்திக்கொண்டே ஓடினார்கள். சித்தி எட்டிப் பார்த்தார்.

“என்னடா, முதல் மார்க்கா?”

“டி, சித்தி! டி!”

“டி-க்கா இந்த ஆட்டம்!” என்று அவர் சிரித்தார். சாங்டோ அழுதுகொண்டிருந்ததை அதற்கப்புறம்தான் பார்த்தார்.