உடையாத மூட்டு

எண்பதுகளில், செயற்கை இடுப்பு மூட்டின் உலோகத் தண்டில் எங்கே எவ்வளவு அழுத்தம் விழும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் வேலை. சமதளத்தில் நடந்தால் தண்டு தாங்கியது. குந்தினாலோ, சுமையோடு சரிவில் இறங்கினாலோ நாளடைவில் உடையும் என்று கணக்கு காட்டியது.

"அதெல்லாம் செய்யாம இருக்கச் சொல்லிட்டா போச்சு" என்றார் டாக்டர். எனக்கும் சரியென்றே பட்டது.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் மலைக்கிராமத்திலிருந்து வந்த குப்பம்மாவுக்கு அந்த மூட்டைப் பொருத்தினார்கள். குந்தக் கூடாது, சுமக்கக் கூடாது, சரிவில் இறங்கக் கூடாது என்று நானே அவரிடம் சொன்னேன்.

மறு வருடம் அவரைப் பார்க்கப் போனேன். வாசலில் கட்டிலிலிருந்து எழுந்து, நொண்டாமல் நடந்து காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. கீழே சரிவில் அவர் கணவரோடு ஒரு பெண் குந்தியபடி சாமை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தங்கச்சியாம்மா?"

"எங்க வூட்டுக்காரரு கட்டிக்கினு வந்தவ சார். சாமை அறுக்கணும், புளி மூட்டைய எறக்கணும். நீங்கதான் எனக்கு ஒண்ணும் கூடாதுன்னுட்டீங்களே, அவரு இன்னா பண்ணுவாரு?"

"வலி இருக்கா?" என்று கேட்டேன்.

"வலிச்சப்போ இந்த வூடு என்னுதா இருந்துச்சு சார்."

மூட்டு உடையவில்லை, வலி இல்லை என்று அறிக்கை எழுதினேன். இரண்டும் உண்மை. குந்தினாலும் தாங்கும் தண்டை வடிவமைக்க எங்களுக்கு இன்னும் சில மாதங்கள் ஆகியிருக்கும். அந்த மாதங்களை மிச்சப்படுத்தியதற்காக என்னைப் பாராட்டினார்கள். நானும் கைகூப்பி ஏற்றுக்கொண்டேன்.