பூரணியின் இரண்டு படங்கள்

ஐம்பத்தேழாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டன் டவுனில் இருந்த என் ஸ்டூடியோவுக்கு மாயாண்டி வந்தான். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனுவின் விசாரணைக்குக் கடிதம் வந்திருக்கிறதாம், அவன் மனைவி பூரணிக்குப் புதுப் படம் வேண்டுமாம். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த மனுவுக்குப் படம் எடுத்துக் கொடுத்தவனும் நான்தான்.

"பூரணி எங்கே?" என்று கேட்டேன்.

"இந்தா நிக்கிறாளே, மர்சூக் மொதலாளி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூரணி அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், ஒல்லியான நீள முகக்காரி. என் எதிரே நின்றவளுக்கோ உப்பிச் சிவந்த வட்ட முகம். மேலுதட்டில் பூனை மயிர், பெரிய வயிறு. கையும் காலும் மட்டும் குச்சி குச்சியாக இருந்தன.

"முழுகாம இருக்கியா தங்கச்சி?" என்றேன்.

மாயாண்டிதான் சொன்னான். கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தையில்லை. போன வருடம் தீட்டு நின்று வயிறு பெருத்ததும் தோட்டத்து லயக் குடியிருப்பே கொண்டாடியது. கங்காணி மலை ஏறாத வேலை கொடுத்தார். ஏழாம் மாதம் கை நிறைய வளையல் போட்டார்கள். இப்போது பதின்மூன்றாவது மாதம். இன்னும் வலி வரவில்லை. செய்வினை என்று சொல்லி ஒரு சாமியாடி அவளை வேப்பிலையால் அடித்திருக்கிறான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஆஸ்பத்திரி தெரியலையா?"

"நான்தாங்க போகல" என்றாள் பூரணி. "புள்ள இல்லன்னு சொல்லிருவாங்களோன்னு பயம்."

படம் எடுத்து முடிந்தது. ஸ்டூலிலிருந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை. தொடையில் பலமில்லை என்றாள். மாயாண்டி கையைப் பிடித்துத் தூக்கினான். வளையல்கள் விலகிய இடமெல்லாம் நீலமாகக் கன்றியிருந்தது. கண்ணாடி வளையல் பட்டா இப்படிக் கன்றும்?

அவர்களை உட்காரவைத்துவிட்டுப் படத்தைக் கழுவினேன். என்னிடமிருந்த பழைய படத்தின் பக்கத்தில் புதியதை வைத்துப் பார்த்தேன். ஒரே பெண் என்று எந்த அதிகாரியும் நம்பமாட்டான். எனக்கு அதைவிடப் பெரிய பயம், இது ஏதோ வியாதி என்று. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு படங்களோடும் அவர்களை பஸ்ஸில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் பூரணியைப் பார்த்ததைவிடப் படங்களைத்தான் அதிக நேரம் பார்த்தார். நர்ஸ் சேலையை விலக்கினாள். வயிற்றில் விரல் தடிமனுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கோடுகள். பிரஷரும் ஏறிக் கிடந்தது.

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி ஏதோ ஒன்றை அளவு மீறிச் சுரக்கிறது, அதற்குக் கோர்டிசோல் என்று பெயர் என்றார். வட்ட முகம், வயிறு, மெலிந்த கைகால், கன்றல், தீட்டு நின்றது எல்லாமே அதன் அடையாளங்களாம். கொழும்புக்குப் போய்ச் சோதித்து ஆபரேஷன் செய்ய வேண்டும்.

"செய்யாட்டிங்க?" என்றான் மாயாண்டி.

டாக்டர் படங்களைக் கீழே வைத்தார். "ரொம்ப நாள் தாங்காது" என்றார்.

"அப்ப என் புள்ள?" என்றாள் பூரணி.

"இல்லம்மா. எப்பவுமே இருக்கல்ல."

அவள் அழவில்லை. வளையல்களை மட்டும் மற்றக் கையால் மூடிக்கொண்டாள்.

விசாரணையைத் தள்ளிப்போட டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். புதன்கிழமை அவர்களைக் கொழும்புக்கு ரயிலேற்ற ஸ்டேஷனுக்குப் போனேன். பூரணியின் கைகள் வெறுமையாக இருந்தன. லயத்தில் சோப்புப் போட்டு அவளே ஒவ்வொன்றாகக் கழற்றினாளாம். அவளை ஒரு முழு நிமிஷம் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ரயில் ஊதியதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

"அந்தப் பழைய படத்தக் குடுங்க மொதலாளி. வயித்த அறுக்குற டாக்டருகிட்ட காட்டணும். புள்ளையத்தான் குடுக்க முடியாது, இவளையாச்சும் திருப்பிக் குடுங்கன்னு கேக்கணும்."

உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ரயில் போய்விட்டது. என்னிடம் மிஞ்சியிருந்தது அந்த வட்ட முகப் படம்தான். அவள் திரும்பி வராவிட்டால் அவளுடைய முகம் என்று அதுதான் மிஞ்சும் என்ற பயத்தில், உறையை மறுபடி பிரித்துப் பார்க்காமலே கடைக்கு நடந்தேன்.