கன்னிமார் தோப்புக்குள் இல்லாத புள்ளிகள்

பிரிஸில்லா காலை முறித்துக்கொண்டு கட்டுடன் கிடந்தபோது, திருத்தணியில் அவள் வீட்டில் தங்கிப் பார்த்துக்கொண்டவள் நான். கால் அசையக் கூடாது. கை சும்மா இருக்கவில்லை. மடிக்கணினியில் படம் போட்டுக்கொண்டே இருந்தாள். அதுதான் அவள் தொழில்.

நில அளவைக்காரர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்த உயரங்களை அனுப்புவார்கள். திரையில் அவை தூவிய கடுகாகக் கிடக்கும். இடையிலுள்ள இடங்களின் உயரத்தை மென்பொருளே கணித்து, ஒரே உயரமுள்ளவற்றைக் கோட்டால் சேர்க்கும். அடுத்த பொத்தானில் நிலமே எழுந்து வரும். மேடு மஞ்சள், பள்ளம் நீலம். அவள் அதை மெல்லத் திருப்புவாள். தரை ஈரத் துணி போல மடிந்து மடிந்து மிதக்கும். பிற்பகல் வேளையில் மின்விசிறிச் சத்தத்தோடு பார்த்தால் எனக்கும் கண் சொருகும். போகாத ஊர்களின் சரிவெல்லாம் அவளுக்குத் தெரியும். கஞ்சிதான் ஆறிப்போகும்.

"குடிச்சிட்டு பாரு."

"இதோ ஆன்ட்டி. இந்த ஏரிக்கரை மேல ஏறிட்டு வந்துர்றேன்."

"ஏறுறதுக்கு உனக்குக் காலு எங்க கீது?"

மணவூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் அளவுகள் வந்தன. மழை பெய்தால் அங்கே பள்ளத்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். வடிகால் எப்படிப் போக வேண்டும் என்பதை இவள் படம்தான் சொல்ல வேண்டும். படத்தில் தெருவிலிருந்து கன்னிமார் தோப்பு வழியாக ஓடைவரை வழவழப்பான சரிவு. தோப்பு ஓரத்தில் வடிகாலை முடித்துவிட்டால், தண்ணீர் தானாக உள்ளே இறங்கி ஓடைக்குப் போய்விடும் என்றார் ஒப்பந்தக்காரர் பூபாலன்.

பிரிஸில்லா படத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு புள்ளிகளை மட்டும் வரவழைத்தாள். தோப்புக்குள் ஒன்றுகூட இல்லை. சுற்றியிருந்தவற்றை வைத்து மென்பொருள் நடுவே ஒரு தரையை விரித்திருந்தது.

அளவுகோல் பிடித்த சேட்டுவுக்கு உடனே போன் போட்டாள்.

"தோப்புக்குள்ள ஏன் எடுக்கல?"

"கன்னிமாருங்க எடம்க்கா. செருப்பு, இரும்பு, தகரம் எதுவும் போவக்கூடாது. நம்ம கோலு அலுமினியமாச்சே. ஓரமாவே சுத்திகினு வந்துட்டேன். கம்ப்யூட்டரு ரொப்பிக்கும்னு பூபாலன் சார் சொன்னாரு."

"ரொப்பிக்கும். அதான் பயமா கீது."

தோப்பை வெள்ளையாக விட்டுப் படத்தை அனுப்பினாள். பூபாலன் போனில் கத்தினார்.

"இன்னாம்மா, எலி கடிச்ச பொடவை மாதிரி ஓட்டை வுட்டு அனுப்பிச்சிகிற?"

"அங்க தரை எப்படி கீதுன்னு தெரியாது சார்."

"நைசா நாலு கோடு இழுத்துவுடு. யாரு பாக்கப் போறா?"

"தண்ணி பாக்கும் சார்."

மறுநாள் ஆட்டோவில் அவள் காலைத் தலையணைமேல் நீட்டி வைத்து அழைத்துப் போனேன். தோப்பில் விளக்கேற்றும் குப்பம்மாள் பள்ளத்தெருக்காரி. விஷயத்தைச் சொன்னதும், "மூங்கிலு ஆவுமா?" என்று கேட்டாள். மூங்கிலில் துணி அளவு நாடாவை ஒட்டினோம். உயரம் பார்க்கும் கருவியைத் தோப்பின் எல்லைக்கு வெளியே, ஆட்டோவை ஒட்டி நிறுத்தினோம். சேட்டு வெறுங்காலோடு உள்ளே போனான்.

"முள்ளு குத்துச்சின்னா கன்னிமாருங்க மேல பழி போடாத!" என்றாள் குப்பம்மாள்.

மரங்களுக்கிடையே மூங்கில் மறைந்தது, தெரிந்தது, மறைந்தது. ஆள் கண்ணில் படவில்லை. சருகுச் சத்தம் மட்டும் வந்தது. பிரிஸில்லா ஆட்டோவிலிருந்தபடியே கருவி வழியாக மூங்கிலைப் பார்த்து, தூக்கத்தில் பேசுகிறவள் போல, ஒவ்வோர் அளவையும் சொல்லிப் பதிந்தாள்.

வீடு திரும்பிப் புதுப் புள்ளிகளைச் சேர்த்தாள். போர்வைக்குள் யாரோ முழங்காலை மடக்கியது போலத் தோப்பின் நடுவே ஒரு மேடு எழுந்தது. வடிகால் தண்ணீர் அதில் முட்டித் தெருவுக்கே திரும்பியிருக்கும்.

"தெனம் நடக்கிறேன், எனக்கே தெரியலியே!" என்றாள் குப்பம்மாள் போனில்.

பூபாலன் முணுமுணுத்தார். ஆனாலும் வடிகாலைத் தோப்பின் கிழக்கே சுற்றி ஓடைவரை வெட்டினார்.

ஐப்பசி மழை வந்தது. குப்பம்மாள் போன் போட்டாள்.

"ஆங், பிரிஸில்லாம்மா, தண்ணி போய்கினு கீது."

"எந்தப் பக்கம்?"

"கெழக்கால சுத்திகினு. ஊட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்ல."

பிரிஸில்லா படத்தைத் திறந்து, தோப்பின் கிழக்கு விளிம்பில் விரலை வைத்தாள். வெளியே மழை பெய்தது. விரல் கோடுகளை ஒவ்வொன்றாகக் கடந்து, அவசரமே இல்லாமல், ஓடைக்கு இறங்கியது.