மேகசினைக் கழற்றிய பிறகு

ஆனந்தவள்ளி ஆயுதப் போலீசில் ஏட்டு. சொந்த ஊர் சுரண்டை, குடியிருப்பது மேலகரத்தில். பதினாறு வருடமாகக் காவலர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்பார்கள். சத்தமாகச் சொல்லிக்கொடுப்பார் என்பதை மட்டும் நானும் ஒப்புக்கொள்வேன்.

குற்றாலம் சீசன் காவலுக்கென்று புதிய துப்பாக்கிகள் வந்தன. தோளில் அணைக்கும் பின்கட்டையை மடித்தால் முழங்கை நீளத்துக்குச் சற்று மேல். குண்டு பழைய கார்பைன் துப்பாக்கிக்குப் போடும் அதே ஒன்பது மில்லிமீட்டர்தான். குண்டுகளை அடுக்கி மாட்டும் மேகசினில் முப்பது கொள்ளும். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாகக் குழலுக்குள் ஏறி நிற்கும்.

பழையதில் அப்படி இல்லை. விசையை அழுத்தும்வரை குண்டு மேகசினிலேயே கிடக்கும். அதனால் சுட்டு முடித்ததும் மேகசினைக் கழற்றி, விசையை ஒரு தடவை வெறுமனே அழுத்தி, "காலி" என்று கத்துவது வழக்கம்.

புதியதில் மேகசினைக் கழற்றினாலும் உள்ளே ஒன்று நிற்கும் என்று பயிற்சியின் முதல் நாள் காலை வகுப்பில் அவரே மூன்று முறை சொன்னார். பிறகு சுடுதளத்தில் ஐந்து குண்டு சுட்டுக் காட்டினார். மேகசினைக் கழற்றினார். விசையை அழுத்தினார். "காலி" என்ற சொல்லும் வெடிச்சத்தமும் சேர்ந்தே வந்தன. குழல் எதிரே இருந்த மண்மேட்டைப் பார்த்திருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை.

ஒன்றை அறிந்துகொள்ள ஒரு காலை போதும் போலிருக்கிறது. பழகியதை மறக்கக் கைக்கு எத்தனை காலம் வேண்டும் என்று யாரும் கணக்கிட்டதில்லை.

உடன் இருந்த காவலர் ஜஸ்டின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"பயிற்சில ஆறு குண்டு போச்சுன்னு எழுதிருவோம்க்கா. யாரும் வாயத் திறக்க மாட்டாங்க."

"காலையில நான் என்னலே சொன்னேன்?"

"உள்ள ஒண்ணு நிக்கும்னு சொன்னீங்க."

"சொன்ன எனக்கே கை கேக்கல. தூங்கி வழிஞ்சிட்டு இருந்த ஒனக்குக் கேக்குமோ? அருவிக்கரையில எங்கலே இருக்கு மண்மேடு?"

"எழுதுனா ஒங்கள வகுப்புல இருந்து எடுத்திருவாங்கக்கா."

"தெரியும். ஆனா எங்கிட்டப் படிச்ச அத்தன பேருக்கும் இப்ப என் கைதான இருக்கு."

நடந்ததை நடந்தபடி எழுதினார். பழைய கார்பைனில் பழகியவர்களுக்கு மறுபயிற்சி முடியாமல் புதியதைக் கொடுக்கக் கூடாது என்றும் சேர்த்தார். அந்த சீசனுக்குப் பழையவையே போயின. ஆனந்தவள்ளியை வகுப்பிலிருந்து எடுத்தார்கள். ஜஸ்டின் வெளியூர் போய்ப் பயின்று வந்து பயிற்சியாளர் ஆனான். அவனுடைய முதல் வகுப்பில் ஆனந்தவள்ளி வரிசையில் ஆறாவதாக நின்றார்.

"அக்கா, நீங்க சும்மா பாத்துட்டு நில்லுங்க."

"ஏன், எனக்கு மட்டும் சாமி வேற கை குடுத்திருக்கா? சொல்லுலே."

ஜஸ்டின் குரலைச் செருமிக்கொண்டு சொன்னான். மேகசினைக் கழற்று. உள்ளே நிற்கும் குண்டு வெளியே விழ போல்ட்டைப் பின்னால் இழு. உள்ளே கண்ணால் பார். விரலை விட்டும் பார்.

அவர் கழற்றினார். அதற்குள் ஆள்காட்டி விரல் தானாக விசைப்பக்கம் நகர்ந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விரலை நீட்டி வைத்து, மேகசினைத் திரும்ப மாட்டி, முதலிலிருந்து தொடங்கினார்.