இரண்டு பள்ளிக்கு ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர்

எங்கள் பள்ளியில் புது ஆய்வகம் கட்டி முடித்த அதே மாதத்தில் கெமிஸ்ட்ரி ஆசிரியர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். சொந்த ஊர்ப் பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது, கவுன்சிலிங்கில் கேட்டார், கிடைத்தது. அவர் போன இடத்துக்கு யாரும் வரவில்லை என்பதுதான் பிரச்சினை.

பூதலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில், வாய்க்காலை ஒட்டி இருக்கிறது பள்ளி. ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் மேல்நிலைப் பள்ளி. நான் அங்கே பிசிக்ஸ் எடுக்கிறேன். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் அம்மாக்கள் நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள். அப்பாக்கள் அறுவடை மெஷின் ஓட்டுகிறார்கள், அல்லது திருப்பூரில் இருக்கிறார்கள். நானும் இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து, இதே துறையின் விடுதியில் தங்கிப் படித்தவள்தான். அதனாலோ என்னவோ, அந்தப் பள்ளியில் ஏதாவது ஒன்று இல்லை என்றால் எனக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் கோபம் வரும்.

தலைமையாசிரியர், துறையின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். "காலிப் பணியிடம் அரசின் கவனத்தில் உள்ளது" என்று பதில் வரும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே கெமிஸ்ட்ரிக்கு இரண்டு பேர். வாரத்தில் ஒரு நாள் ஒருவரை அனுப்பக் கூடாதா என்று நான் கேட்டபோது தலைமையாசிரியர் சிரித்துவிட்டார்.

"அது பள்ளிக்கல்வித் துறை டீச்சர். நாம நலத்துறை. அவங்க ஆள் நம்ம கேட்டுக்குள்ள வரணும்னா ரெண்டு செகரட்டரி உக்காந்து பேசணும்."

"ரெண்டும் ஒரே அரசாங்கம்தானே சார்?"

"அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருக்கோம்" என்றார்.

ஆகவே பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரியையும், என்னால் முடிந்த பீரியடுகளில், நானே எடுத்தேன். முதல் சில பாடங்களில் பிழைத்துக்கொண்டேன். ஆர்கானிக் வந்ததும் திணறல். முந்தின இரவு யூடியூபில் பார்த்ததை மறுநாள் கரும்பலகையில் எழுதுவேன். முன்வரிசையில் ஒரு பெண் இருப்பாள், மெஷின் டிரைவர் மகள். விவசாயக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது அவள் எண்ணம். வகுப்பில் எதையும் அப்படியே விட மாட்டாள்.

"மிஸ், இது ஏன் இந்தப் பக்கம் போய் ஒட்டிக்குது? அந்தப் பக்கம் ஏன் போகல?"

"புக்ல அப்படித்தான் இருக்கு, எழுதிக்கோ" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்கிற ஆசிரியர்களிடம் படித்து வந்தவள் நான். அப்படிச் சொல்லக் கூடாது என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன்.

தீபாவளி முடிந்த வாரம் ஒரு லாரி வந்தது. அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கண்ணாடிக் குழாய்கள், ஆசிட் பாட்டில்கள், உப்புகள், சுவரில் மாட்ட ஒரு பெரிய டிஜிட்டல் பலகை. நிதி ஆண்டுக்குள் செலவு காட்டியாக வேண்டுமாம். இறக்கி வைத்ததும் தலைமையாசிரியர் ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். "ஆசிட்டெல்லாம் இருக்கு. விவரம் தெரிஞ்ச ஆள் இல்லாம ஒரு புள்ள கையில கொட்டிக்கிட்டா யார் பதில் சொல்றது?" அவர் சொன்னதில் தவறில்லை. பிள்ளைகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருவார்கள். கட்டடத்துக்கு ஒரு தலைப்பில் பணம் வருகிறது, பொருளுக்கு ஒரு தலைப்பில் வருகிறது. ஆளுக்கு மட்டும் எந்தத் தலைப்பிலும் வருவதில்லை.

கடைசியில் பெற்றோர்களே திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனுக் கொடுப்பது என்று முடிவானது. அரசு ஊழியரான நான் முன்னால் நிற்க முடியாது. தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு பின்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மெஷின் டிரைவர் மகளும் அவள் அம்மாவும் இன்னும் சில தாய்மார்களும் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் ஒருநாள் நடவுக் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள்.

எங்கள் துறையின் மாவட்ட அதிகாரி மனுவைப் படித்துவிட்டுப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்கூல் நேரத்துல இங்க என்னம்மா பண்ற?"

"இப்ப கெமிஸ்ட்ரி பீரியட் சார். அங்க இருந்தாலும் சும்மாதான் இருப்பேன்."

பக்கத்தில் நின்ற கிளார்க் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதிகாரிக்கு முகம் மாறியது. ஆனால் கோபப்படவில்லை. "பத்து நாளுக்குள்ள ஆள் வரும், போங்க" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துருவாங்கள்ல டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வந்தார்கள். சொன்ன நாளுக்கு முன்பே, மாற்றுப்பணி ஆணையோடு ஓர் ஆசிரியை வந்து சேர்ந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். அன்றைக்கே ஆய்வகச் சாவியைக் கேட்டு வாங்கினார். பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து, கத்தரிப்பூ நிறத்துத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். குடுவையில் விழுந்ததும் நிறம் காணாமல் போனது. பிறகு ஒரே சொட்டில் குடுவை முழுதும் ரோஸ் நிறமாகி அப்படியே நின்றது. "ஹோ" என்று ஒரு சத்தம். நானும்தான் போட்டேன். அந்த மெஷின் டிரைவர் மகள் வகுப்பு முடிந்தும் அவரை விடவில்லை. சேர்த்து வைத்திருந்த கேள்விகளை எல்லாம் கேட்டாள். அவரும் சலிக்காமல் சொன்னார்.

நாலைந்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு ஒரு போன் வந்தது. ஒரு கையில் டிபன் கரண்டி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். பிள்ளைகளின் குரல்கள்.

"மிஸ், நாளைக்கு டெஸ்ட் மிஸ். அந்த எலக்ட்ரோ கெமிஸ்ட்ரி கணக்கு வரவே மாட்டேங்குது. நீங்க எப்ப மிஸ் வருவீங்க?"

அவர் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, போனிலேயே கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.

"யாரு மேடம் அது?"

"என் பழைய ஸ்கூல் புள்ளைங்க. பேராவூரணிப் பக்கம். அதுவும் நம்ம நலத்துறைப் பள்ளிதான்."

"அங்க இப்ப யாரு எடுக்கறாங்க?"

"யாரும் இல்ல. நான் ஒருத்திதான் இருந்தேன்."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆய்வக நோட்டில் கையெழுத்து வாங்க வந்து வாசலில் நின்ற அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அப்ப நாம அவங்களோட டீச்சரையா வாங்கிட்டு வந்துட்டோம், மிஸ்?" என்றாள்.

மறுநாள் நான் நேராக மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். இந்த முறை பின்வரிசையில் உட்காரவில்லை.

"ஆள் கேட்டீங்க, போட்டாச்சு. இன்னும் என்ன டீச்சர்?" என்றார் அதே அதிகாரி.

"இன்னொரு ஸ்கூலோட ஆளை நாங்க கேக்கல சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "என்கிட்ட புது ஆள் கிடையாது. எடுக்கற அதிகாரமும் கிடையாது. இருக்கறதத்தான் அங்கயும் இங்கயும் மாத்த முடியும். உங்க ஊர் ஜனங்க வந்து கேட்டாங்க. அந்த ஊர் ஜனங்க வரல. அவ்வளவுதான். நானே இன்னொரு செக்‌ஷனையும் சேத்துப் பாத்துக்கிட்டிருக்கேன். அந்த நாற்காலிக்கும் ஆள் இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு மணி நேரம் வாதாடி நான் வாங்கி வந்தது, வாரத்தில் மூன்று நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே என்ற ஏற்பாடு. அந்த ஆசிரியை பட்டுக்கோட்டையில் குடியிருந்தார். எங்கள் பள்ளிக்கு வருகிற நாட்களில் விடிவதற்கு முன் தஞ்சாவூர் பஸ் பிடிப்பார், அங்கிருந்து பூதலூர் பஸ். வீட்டில் பால்குடி மறக்காத குழந்தை. முழுப் பாடத்தையும் இரண்டு இடத்திலும் பாதிப் பாதி நாட்களில் ஓட்டினார். ஒருநாள் ஓய்வறையில் தலையை மேசையில் வைத்துத் தூங்கிவிட்டார். மணி அடித்தும் நான் எழுப்பவில்லை. அந்த வகுப்புக்கு நானே போனேன்.

பிளஸ் டூ முடிவு வந்தபோது எங்கள் பிள்ளைகள் எல்லோரும் கெமிஸ்ட்ரியில் தேறியிருந்தார்கள். அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. தலைமையாசிரியர் லட்டு வாங்கிக் கொடுத்தார். மெஷின் டிரைவர் மகளுக்கு மற்ற பாடங்களில் எல்லாம் நல்ல மதிப்பெண், கெமிஸ்ட்ரியில் மட்டும் சரிந்திருந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான உள் ஒதுக்கீடு இருந்தும் விவசாயக் கல்லூரிக் கட்-ஆஃப் எட்டவில்லை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் சேர்ந்தாள். "உங்க பாடம்தான் மிஸ்" என்று சொல்லிச் சிரித்தாள். நல்லாத்தானே படிக்கிறாள், அதற்கென்ன என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. அவள் கேட்டது அது இல்லை.

ஜூன் மாதக் கவுன்சிலிங்கில் அந்த ஆசிரியை தன் கணவர் வேலை பார்க்கும் மாவட்டத்துக்கு மாறுதல் வாங்கினார். நான்தான் கேட்கச் சொன்னேன். இப்போது இரண்டு பள்ளியிலும் ஆள் இல்லை.

போவதற்கு முன் அவர் ஒரு வேலை செய்தார். பேராவூரணிப் பக்கத்துப் பெற்றோர் சிலரின் நம்பரை எங்கள் ஊர் அம்மாக்களிடம் கொடுத்தார். யாருக்கும் சொல்லாமல் அவர்களே பேசிக்கொண்டார்கள். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, அங்கிருந்து வேன் பிடித்து வந்தவர்களும் எங்கள் ஊர்க்காரர்களும் ஒன்றாகப் போய் வரிசையில் நின்றார்கள். புதிதாக வந்திருக்கும் அதிகாரிக்குப் புரியவில்லை.

"ரெண்டும் வேற வேற தாலுகா. தனித்தனியா வந்து குடுங்கம்மா" என்றாராம்.

"தனித்தனியா வந்தா அவங்களுதப் புடுங்கி எங்களுக்குக் குடுப்பீங்க, எங்களுதப் புடுங்கி அவங்களுக்குக் குடுப்பீங்க. ரெண்டு பேருக்கும் ஆள் போடுங்க சார்" என்று மெஷின் டிரைவரின் மனைவி சொல்லியிருக்கிறார். அவர் மகள் பள்ளியை விட்டே போய்விட்டாள். ஆனாலும் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அரசின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்படும் என்று பதில் வந்திருக்கிறது. நான் ஆர்கானிக் பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.